அண்ணன் கொடுத்த காலை

என் வீட்டுக்காரரை ஊரில் குச்சி என்பார்கள். ஆள் ஒல்லி இல்லை, நல்ல திடகாத்திரம். அவர் விற்கும் தீவனக் கட்டில் குச்சிதான் இருக்கும், இலை இருக்காது. அதனால் வந்த பெயர்.

நாங்கள் குதிரைமசால் போடுகிறோம். மாட்டுத் தீவனம். அறுத்துக் காயவிட்டு, வரிசையாக வாரி, மெஷினில் கட்டாகக் கட்ட வேண்டும். சத்தெல்லாம் இலையில்தான். விடியலில் பனி ஈரத்தோடு வாரிக் கட்டினால் இலை தண்டை விடாது. வெயில் ஏறிவிட்டால் தொட்டதுமே பொடிந்து மண்ணில் விழுந்துவிடும். மெஷின் மாமனார் விட்டுப்போனது, அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. ஆனால் பனி நேரம் அண்ணனுக்கு, வெயில் நேரம் எங்களுக்கு. நான் வாழ வந்த நாள் முதல் அப்படித்தான்.

இந்த அறுப்புக்கு முன் பால்பண்ணை அம்மா வந்து சொன்னார்: "இந்தத் தடவை இலையோட கொடுங்க, வருஷம் முழுக்க உங்ககிட்டயே எடுத்துக்கறேன். குச்சியப் போட்டுப் போட்டு என் மாடெல்லாம் என்னை முறைக்குது."

இரண்டு வயலும் ஒரே நாளில் அறுத்துக் கிடந்தன. என் வீட்டுக்காரர் அண்ணன் வீட்டுக்குப் போனார். மனதுக்குள் வேண்டிக்கொண்டே நானும் பின்னால் போனேன்.

"அண்ணே, இந்த ஒரு தடவை காலையில மெஷினை எனக்குக் கொடுண்ணே."

"பனியிலயும் பங்கு கேக்குறியாடா?" மூத்தவர் சிரித்தார். "சரி, நாளைக்கு எடுத்துக்கோ. மறுநாள் எனக்கு வேணும்."

விடிந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு தண்டை முறுக்கிப் பார்த்தார். ஒடியவில்லை. விரலில் ஈரம் கசிந்தது.

"மேல இருக்கறது பனி, இது தண்டுக்குள்ள இருக்கற ஈரம். இன்னும் ஒரு நாள் காயணுங்க," என்றேன்.

"நாளைக்கு யாரு தருவா?"

"இன்னொரு தரம் கேட்டுப் பாருங்களேன்."

"ஒரு தரம் கேக்கறதுக்கே எனக்கு இத்தனை வருஷம் ஆச்சுடி."

வாரிக் கட்டிவிட்டார். பச்சைப் பசேலென்று கட்டு. "இதுல குச்சியத் தேடு பாப்போம்!" என்று என்னைச் சீண்டினார். நான் கொட்டகையிலேயே நின்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன்.

சில நாள் கழித்துப் பால்பண்ணை அம்மா வந்து கட்டுக்குள் கையை விட்டார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "என்னங்க, உள்ளே அடுப்பா எரியுது?" தண்டில் இருந்த ஈரம் உள்ளேயே புழுங்கி வெந்திருந்தது; பிரித்தால் புகை மாதிரிப் பூஞ்சணம் கிளம்பியது. அந்த அம்மா இருமிக்கொண்டே வண்டியை அண்ணன் கொட்டகைக்கு விடச் சொன்னார். அங்கே ஒரு நாள் கூடுதலாகக் காய்ந்து, மறுநாள் பனியில் கட்டிய கட்டுகள்.

"கேட்டான், கொடுத்தேன். இல்லேன்னா சொன்னேன்?" என்றார் மூத்தவர், எல்லோரும் கேட்கும்படி.

அதில் பொய் இல்லை. அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

கட்டுகளையெல்லாம் குப்பைக்குழியில் தள்ளினோம். ஓர் இலைகூட உதிரவில்லை. அத்தனையும் கறுத்துப்போயிருந்தது. ஊரில் இப்போது அவரைக் குச்சி என்று யாரும் கூப்பிடுவதில்லை. கரி என்கிறார்கள்.

அடுத்த அறுப்புக்கு மெஷின் உச்சிவெயிலில் வந்தது. அவர் ஏறி உட்கார்ந்தார்.