பிறக்கும்போதே வழுக்கையான டயர்கள்

அதிகமாகப் பிடிக்கும் டயர் எல்லா இடத்திலும் அதிகமாகவே பிடிக்கும் என்று நான் நம்பினேன். வெயிலில் பிடிப்பது மழையிலும் பிடிக்கும், பந்தயத் தடத்தில் பிடிப்பது எங்கள் வலியசாலைத் தெருவிலும் பிடிக்கும். நல்ல பசை எங்கே தடவினாலும் ஒட்டும் இல்லையா, அதுபோல. ஐம்பத்திரண்டு வயதுக்காரன், எஞ்சினியரிங் படித்தவன், கூசாமல் இதை நம்பினேன். அதுவும் வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டும் திருவனந்தபுரத்தில் குடியிருந்துகொண்டு.

கார் இரண்டே இருக்கை உள்ள ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகப் போகும். யாரோ ஓட்டி அலுத்ததை நான் வாங்கினேன். மனைவி புனேக்குப் போன அடுத்த வருஷம் அது. எங்களுக்குள் பெரிய சண்டை ஒன்றுமில்லை. ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். மகளும் அம்மாவோடு போய்விட்டாள். அந்த வயதில் தனியாக விடப்பட்ட ஆண், ஒன்று, பக்தியில் இறங்குவான், இல்லாவிட்டால் இந்த மாதிரி எதையாவது வாங்குவான். பக்திக்கு விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். எனக்கு ஆகாது.

இடது இருக்கையில் பெரும்பாலும் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய அரிசிப் பைதான் உட்காரும். பெல்ட் போடாவிட்டால் கார் கீச் கீச்சென்று கத்தும். ஆகவே அரிசிக்குப் பெல்ட் போட்டுவிடுவேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நானும் அரிசியும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு பச்சை விளக்குக்குக் காத்திருப்போம்.

மகள் ஒரே ஒருமுறை அந்த இருக்கையில் வந்திருக்கிறாள். பொன்முடிக்குப் போனோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் லேசாக வழுக்கியது. நான் ரசித்தேன். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, பின்னாடி போறது. பயமா இருக்கு. வீட்டுக்குப் போலாம்" என்றாள். திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு ஊருக்கு வந்தபோதெல்லாம் டாக்ஸிதான். கோபமெல்லாம் இல்லை. "உனக்கெதுக்குப்பா சிரமம்" என்பாள், அவ்வளவுதான்.

போன வருஷம் மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் போன் செய்தாள். ஆபீஸ் வேலையாக எங்கள் ஊர் ஓரத்தில் இருக்கும் கழக்கூட்டத்துக்கு ஒரு நாள் வருகிறாளாம். காலையில் வந்து சாயங்காலமே திரும்ப வேண்டுமாம்.

"வீட்டுக்கு வர நேரம் இருக்காதுப்பா. ஆபீஸ்லேர்ந்து ஏர்போர்ட்டுக்கு நீயே கொண்டு விடறியா? அப்படியாவது பாத்துக்கலாம்."

கழக்கூட்டத்திலிருந்து விமான நிலையம் பைபாஸில் அரைமணி நேரம். அந்த அரைமணி நேரம் என் மகள் பயப்படாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. இதற்காகத்தான் பந்தயத் தடத்துக்கென்று செய்யப்பட்ட, ஊரிலேயே மிக இறுக்கமாகப் பிடிக்கிற டயர்களைத் தேடிப் பிடித்தேன்.

டயர் கடைக்காரர் ஒருமுறை என்னையும் ஒருமுறை என் தொப்பையையும் பார்த்தார். "சார் ட்ராக்குல ஓட்டுவீங்களா?"

"எப்பவாவது" என்றேன். சங்குமுகம் கடற்கரை ரோடுதான் நான் பார்த்த ஒரே ட்ராக். அங்கேயும் ஒரு மாடு குறுக்கே வந்து என்னை ஜெயித்திருக்கிறது.

வண்டி வீட்டு வாசலில் நின்றதும் எதிர் வீட்டு மாமா சட்டையில்லாத உடம்பைத் தடவிக்கொண்டு வந்தார். டயரின் ஓரத்தில் வரியே இல்லை, நடுவில் பேருக்கு நாலு பள்ளம். விரலால் அழுத்தினால் அழிரப்பர் மாதிரி அமுங்கும்.

"என்னடா இது, தேஞ்ச டயரத் தலேல கட்டிட்டானா?"

"புதுசு மாமா. இப்படித்தான் வரும்."

"பொறக்கறச்சேயே வழுக்கையா? கேட்டியா, என் தலைக்காவது அறுபது வருஷம் ஆச்சு."

நான் சிரித்தேன். விஷயம் தெரியாத மனுஷர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த டயர் சூடேறினால்தான் பிடிக்குமாம். எங்கள் தெருவிலிருந்து கிளம்பி, சாலைக் கடைத்தெருவில் மூட்டை ஏற்றிய கைவண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போனால் டயர் எங்கே சூடாகும்? எனக்குத்தான் சூடாகும். அது மட்டுமல்ல, ரோட்டில் கிடக்கும் ஜல்லியையெல்லாம் ஒட்டி எடுத்துச் சக்கரத்துக்கு மேலே சடசடவென்று அடிக்கும்.

மகள் வருகிற அன்று காலை பழவங்காடிப் பிள்ளையாரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். இந்த ஊரில் புது வண்டி வாங்கினால் அங்கே தேங்காய் உடைக்காமல் யாரும் ஓட்ட மாட்டார்கள். பூஜைக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி பழசாட்டுல்லா இருக்கு" என்றார்.

"டயர் புதுசு."

"டயருக்குப் பூஜையா?" கேட்டாரே தவிர, பூவை நாலு சக்கரத்திலும் மனசாரப் போட்டார். எலுமிச்சம்பழத்தை நசுக்கி, உடைந்த தேங்காய்மேல் ஏறி, நிம்மதியாகப் புறப்பட்டேன்.

கிழக்கேகோட்டை திரும்புவதற்குள் டக். டக். டக்டக்டக். வேகம் கூட்டினால் சத்தமும் கூடியது. சக்கரத்து நட்டு கழன்றுவிட்டது என்று முடிவு செய்தேன். சக்கரம் தனியாக உருண்டு பஸ் ஸ்டாண்டுக்குள் போய், வரிசையில் நின்று, நாகர்கோவில் பஸ்ஸில் ஏறுவதுவரை கண்ணில் தெரிந்தது. நடு ரோட்டில் நிறுத்தி மண்டியிட்டேன். பின்னால் ஹாரன் கச்சேரி. முன்சக்கரத்து ரப்பரில் சிரட்டைத் துண்டு ஒன்று, வெள்ளைத் தேங்காயோடு, ஆணி அடித்த மாதிரி பதிந்திருந்தது.

பைக்கில் போன ஒருவன் காலூன்றிக் குனிந்து பார்த்தான். "எந்தா சேட்டா, சட்னி அரைக்கானாணோ?"

சிரட்டையைப் பிடுங்கி எறிந்தேன். இவ்வளவு ஒட்டுகிற டயர் ரோட்டை விடவே விடாது என்று அப்போதும் சந்தோஷப்பட்டேன். அறிவு அந்த லட்சணத்தில் இருந்தது.

சாயங்காலம் மகளை அழைக்கப் போகும்போது மழை பிடித்தது. பைபாஸில் ஒரு பள்ளமான இடத்தில் தண்ணீர் பாய் விரித்த மாதிரி கிடந்தது. அதில் ஏறியதும் ஸ்டியரிங் கையில் இல்லாததுபோல் லேசாகிவிட்டது. திருப்பினால் வண்டி திரும்பவில்லை. தண்ணீரை ஒதுக்கித் தள்ளப் பள்ளம் போதாத டயர், தண்ணீர்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் "சாரி, சாரி" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. வண்டியில் வேறு யாரும் இல்லை. தண்ணீர் முடிந்ததும் டயர் தானாகவே தரையில் உட்கார்ந்தது. அதற்கப்புறம் மாட்டு வண்டி வேகம்தான். மழைக்கோட்டு போட்ட ஒரு அம்மாள் ஸ்கூட்டரில் என்னைத் தாண்டிப் போகும்போது, பாவம் என்கிற மாதிரி பார்த்தாள்.

ஆபீஸ் வாசலில் மகள் குடையோடு ஓடி வந்து, தானாகவே இடது இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுக்கொண்டாள். தலை நனைந்திருந்தது. போன முறை பார்த்ததற்கு இளைத்திருந்தாள்.

"டயர் புதுசாப்பா? பளபளன்னு இருக்கே."

"ம்."

"நான் பொன்முடில பயந்தேனே, அதுக்கா?"

"ம்."

"ஐயோ, அப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மெதுவாகப் போய்விடலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் கை இன்னும் என் கைமேல் இருந்தது. அந்தப் பள்ளத்துத் தண்ணீர் எங்கள் வழியில்தான் கிடந்தது.

"உனக்காகத்தான் மாத்தினேன். அதனால நீ எறங்கிடு."

"என்னது?"

"மழைல இது பிடிக்காதும்மா. வர வழில தண்ணில மெதந்தேன்."

"மெதந்தியா? படகு மாதிரியா?"

"படகுக்குத் துடுப்பாவது இருக்கும்."

அவள் சிரித்தாள். அவள் அம்மா மாதிரியே, முதலில் மூக்கால் ஆரம்பிக்கிற சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, மெதுவாப் போலாமே. நேரம் இருக்கு" என்றாள்.

"நான் மட்டும்னா போவேன். நீ இருந்தா மாட்டேன்."

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். போனை எடுத்து டாக்ஸிக்குச் சொன்னாள்.

டாக்ஸி வரும்வரை மூடின கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தோம். ஏன் இளைத்தாய், ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்க எவ்வளவோ இருந்தது. நான் டயரில் பள்ளம் எதற்கு, தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவளும் "ஓ, அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்ஸி வந்தது. "பின்னாலயே வா. வாசல்ல பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லி ஏறினாள். அதன் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். பள்ளத்தில் இன்னும் தண்ணீர் நின்றது. டாக்ஸி அலட்சியமாகத் தாண்டிப் போயிற்று. நான் ஓரமாக ஊர்ந்து வருவதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது. டாக்ஸியின் சிவப்பு விளக்கு போய்விட்டது.

சாக்கை சந்திப்பைத் தாண்டியதும் மழை இல்லை. நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது, அந்தப் பக்கம் பெய்யவே இல்லை. விமான நிலையத்தில் ரோடு காய்ந்து, தூசி பறந்துகொண்டிருந்தது. நான் வண்டியை நிறுத்திவிட்டு ஓடியபோது அவள் உள்ளே போயிருந்தாள். "கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன்ப்பா. ஃப்ளைட்டுக்குக் கூப்பிட்டுட்டா, போறேன்" என்று போனில் செய்தி அனுப்பியிருந்தாள். நான் தனியாக வீட்டுக்குத் திரும்பினேன்.