பதினோராம் விதியின் கடைசி வரி

புக்கிட் ரோத்தானில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதில் மலாயில் ஒரு தாளும் தமிழில் ஒரு தாளும் ஒட்டியிருக்கும். தமிழ்த் தாள் என் கைவேலை. அதில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரியைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். இதை என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. ஐந்து மாடி, மாடிக்கு இரண்டு திருப்பம் வைத்த குறுகலான படிக்கட்டு. ஒரு கட்டிலை மேலே ஏற்றுவதற்குள் ஏற்றுகிறவனுக்கு உயிர் போய்விடும். நாங்கள் இருந்த தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்து, எங்களில் பாதிப் பேரை இங்கே கொண்டுவந்து குடிவைத்தபோது எல்லோரும் முதலில் முணுமுணுத்தது அந்தப் படிக்கட்டைப் பற்றித்தான். கீழ்த்தளத்தில் மட்டும் ஒரு பொது மண்டபம் விட்டிருந்தார்கள். அதை டேவான் என்போம். நிச்சயதார்த்தம், பிள்ளைகளின் பிறந்தநாள், தீபாவளி ஒன்றுகூடல் எல்லாம் அங்கேதான். இறப்பு என்று வந்தால் பெட்டி படிக்கட்டில் திரும்பாது. உடலையும் டேவானில்தான் கிடத்தியாக வேண்டும். ஆனால் இது நடந்தபோது நாங்கள் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதுவரை எங்கள் கட்டடத்தில் இழவு விழுந்ததில்லை.

குடியிருப்பாளர் குழுவுக்கு நான் செயலாளர். என் திறமையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கூட்டத்தில் செயலாளர் யார் என்று கேட்டதும் எல்லோரும் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் கொஞ்சம் தாமதமாகக் குனிந்தேன், அவ்வளவுதான். செம்பனை எண்ணெய் ஆலையில் ஸ்டோர் கிளார்க்காக இருபத்தைந்து வருஷம் பட்டியல் எழுதியவன். எதுவும் எழுத்தில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அதனால் நிர்வாகம் மலாயில் பதினான்கு விதிகளை அனுப்பியபோது, தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்களுக்குப் புரியட்டும் என்று அதைத் தமிழாக்கும் வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மூன்று மாலை உட்கார்ந்து எழுதினேன். மேல் மாடியிலிருந்து குப்பைப் பையைக் கீழே வீசக் கூடாது. நடைபாதையில் எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது. அடுத்தவர் வண்டி நிறுத்துமிடத்தில் தன் வண்டியை நிறுத்திவிட்டுக் காணாமல் போகக் கூடாது. காணாமல் போவது மலாய்த் தாளில் இல்லை, என் வயிற்றெரிச்சலில் நான் சேர்த்தது. தாளின் தலையில் பிள்ளையார் சுழியும் போட்டேன்.

பதினோராம் விதி டேவானைப் பற்றியது. எந்த நிகழ்ச்சிக்கும் ஏழு நாளுக்கு முன்பே எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டும், அனுமதி இல்லாமல் ஆட்களைக் கூட்டக் கூடாது. இதற்குக் கீழே மலாயில் இன்னொரு வரி இருந்தது. வீட்டில் இறப்பு நேர்ந்தால் மனு தேவையில்லை, டேவான் உடனே திறந்து தரப்படும்.

அந்த வரியை எழுதவும் செய்தேன். எழுதிவிட்டுப் பார்த்தால் மனசுக்கு ஒப்பவில்லை. தினமும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி, பெண்கள் விளக்கேற்றிவிட்டு இறங்கும் வழி, வெள்ளிக்கிழமையாகப் பார்த்து ஒட்டப்போகும் தாள். அதில் வாசலிலேயே சாவு என்று எழுதி வைப்பதா? இறப்பு, மறைவு, துக்கம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அது அதுவாகவே இருந்தது. கடைசியில் அந்த வரியை அடித்துவிட்டேன். சாவுக்கு எவனாவது ஏழு நாள் முன்னால் மனு எழுதுவானா, இது சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மலாய்த் தாள் பக்கத்திலேயேதான் இருந்தது. மலாய் படிக்கத் தெரிந்தவர்கள் அதன் பக்கம் திரும்பவில்லை. வரிக்கு வரி படிக்கிறவர்களுக்கு மலாய் படிக்கத் தெரியாது.

அப்படி வரிக்கு வரி படித்தவர்களில் மூன்றாம் மாடி அக்கா ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முப்பது வருஷம் தோட்டத்தில் வேலை செய்தவர். ஆபீஸ் சுவரில் தோட்டத்து எழுத்தரான கிராணி ஒட்டுகிற தாள்தான் அங்கே சட்டம். அதில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. என் தாளின் முன்னாலும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒருவராவது படிக்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவருடைய கணவர் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டியவர். சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். மூன்று மாடி இறங்கி ஏறுவதிலேயே மனிதர் பாதியாகிவிடுவார். சாயங்காலம் வீட்டு வாசலில், நடைபாதையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோலா சிலாங்கூர் சாலையில் போகும் லோரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எது யாருடைய லோரி என்று சத்தத்தை வைத்தே சொல்வார்.

நடைபாதையைச் சுத்தம் செய்யக் கிளம்பினேன். செருப்பு அலமாரி, பூந்தொட்டி, ஓட்டை சைக்கிள் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். சைக்கிள்காரர் விடவில்லை. "அங்க நாக்காலி கெடக்குதே, அது மட்டும் உங்க கண்ணுல படாதா?" என்று கேட்டுவிட்டார். நியாயஸ்தன் என்ற பெயர் போய்விடுமே என்று நேரே மூன்றாம் மாடிக்குப் போனேன்.

"சாயந்தரம் ஒரு மணி நேரந்தான் தம்பி. முடிஞ்சதும் உள்ள எடுத்துருவேன்," என்றார் அக்கா.

"எழுதிப் போட்டது எழுதிப் போட்டதுதாங்கக்கா. ஒருத்தருக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க லா."

அவர் அப்போதே நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் கணவர் சாயங்காலங்களில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நிற்பார், கால் தாங்காமல் உள்ளே போய்விடுவார். நான் பார்த்தும் பார்க்காததுபோல் படியேறிப் போயிருக்கிறேன். இன்று அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

அக்காவின் கணவர் ஒரு சனிக்கிழமை காலையில் இறந்தார். டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே மயங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்று விடுமுறை, கட்டடத்தில் எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம். மாலையில் அக்காவும் ஜொகூரிலிருந்து வந்திருந்த மகளும் ஈரத் தலையோடு படியேறி வந்ததைப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்சுடலைக்குக் கொண்டுபோய், நாலு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்ய மாட்டார்கள். இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, உறவும் அக்கம்பக்கமும் வாய்க்கரிசி போட்டு, பெண்கள் கட்டிப்பிடித்து அழுது முடித்துத்தான் எடுப்பார்கள். மருமகன் கொள்ளி வைக்க, மகளோடு அக்கா மட்டும் ஓரமாக நின்றிருக்கிறார். வேறு யாருமில்லை.

கட்டடத்தில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவனை வாசலுக்குக்கூடக் கொண்டுவராத கல்நெஞ்சு என்றார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. படிக்கட்டில் நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு, "நாமெல்லாம் இங்க எதுக்கு இருக்கோம்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடி வந்துருக்க மாட்டோமா?" என்று கேட்டேன். மறுநாள் துக்கம் விசாரிக்கப் போனபோதும் பத்து நிமிஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

எட்டாம் நாள் காலை அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தீட்டு கழியாததால் உள்ளே வரவில்லை. நான் உள்ளே, அவர் வெளியே, நடுவில் நிலைப்படி. ஒரு தாளை நீட்டினார். கோடு போட்ட நோட்டுத் தாள். மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு என்று தொடங்கி, கணவரின் பதினாறாம் நாள் கருமாதிக்கு டேவானைத் தந்து உதவ வேண்டும் என்று எழுதி, தங்கள் கீழ்ப்படிதலுள்ள என்று முடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். தோட்டத்து மேனேஜருக்கு எழுதுகிற பாணி.

"இன்னியோட எட்டு நாள் இருக்கு தம்பி. ஏழு நாளைக்கு முன்னமே குடுத்துட்டேன், எண்ணிப் பாத்துக்குங்க," என்றார்.

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் கேட்டேன். "அதுக்கு மட்டும் டேவான் வேணுமாக்கா? அவர ஏன் இங்க கொண்டாரல?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "எப்படித் தம்பி கொண்டார்றது? ஏழு நாளைக்கு முன்ன மனு குடுக்கணும்னு நீங்கதானே போட்டுருக்கீங்க. வேன்காரர் வூட்டுக்கா நேரா அங்கியான்னு கேட்டாரு. மாடிக்குத் தூக்கிட்டுப் போவ முடியாது, கீழ வைக்க உத்தரவு இல்ல. ஒங்களுக்குப் போன் போட்டுக் கேக்கலாம்னு மக சொன்னா. நாந்தான் வேணாம்னுட்டேன். எங்களுக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமா? பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க."

பேனா எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. அடுப்படியில் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வரியை நான் அடித்ததும் அவளுக்குத் தெரியும்.

"இப்ப போயி சொல்லிக்கிட்டு நிக்காதீங்க. போன உசுரு வருமா? அந்தக்கா மனசுதான் ரணமாகும்," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அவள் இரக்கத்தில் சொன்னாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது இரக்கத்தால் இல்லை, பயத்தால். வெளியே வந்து மனுவில் அனுமதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினார்.

கருமாதி நன்றாகவே நடந்தது. நாற்காலி அடுக்கினேன், சாப்பாடு பரிமாறினேன், எச்சில் இலை எடுத்தேன். அக்காவின் பக்கம் மட்டும் போகவில்லை. கல்நெஞ்சு என்று பேசியவர்கள் இரண்டு முறை கேட்டு வாங்கிப் பாயசம் குடித்தார்கள். அவர்களிடமாவது உண்மையைச் சொல்லி அக்காவின் பெயரைக் காப்பாற்றியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

ஆனால் தாளைத் திருத்தாமல் இருக்க முடியாது. இன்னொரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் அவர்களும் இப்படியே ஏமாந்து போவார்கள். திருத்தி ஒட்டினால் முதலில் படிக்கப்போகிறவர் அந்த அக்காதான். படித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அதற்கு முன் நானே போய்ச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று ஒரு வாரம் எனக்குள் பேசிப் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுத் தாளை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு இறங்கினேன். சொல்ல வேண்டியதை ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அக்கா, இந்த வரி முதலிலேயே இருந்தது, நான்தான் விட்டுவிட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள். நீளமான பேச்சுகூட இல்லை.

அவர் கதவைத் திறந்ததும், பேச்சுக்குப் பதில் தாளை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்றபடியே விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். எல்லாவற்றையும் தாண்டிப் பதினொன்றுக்கு வந்தது விரல். கடைசி வரியை வாய்விட்டு மெதுவாகப் படித்தார். வீட்டில் இறப்பு நேர்ந்தால் மனு தேவையில்லை, டேவான் உடனே திறந்து தரப்படும். இன்னொரு முறை படித்தார். பிறகு நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது.

"எங்களுக்கு ஆனதப் பாத்துட்டு மேல பேசி மாத்த வச்சிருக்கீங்களா தம்பி? இது புதுச் சட்டமா?"

"ஆமாக்கா," என்றேன். "புதுசுதான்."

அவர் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் கூப்பி என்னைக் கும்பிட்டார்.