என் எடைக்கு ஒரு இறக்கை

ஆஸ்திரியாவில், நாங்கள் குடியிருக்கும் மலையூரில், ஒரு கடைக்காரர் வணக்கம் சொன்ன கையோடு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "நீங்கள் எத்தனை கிலோ?" எனக்கு வந்ததே கோபம்! நம் ஊரில் கட்டிய கணவனே வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது. நான் வாங்கப் போனது பாராகிளைடர். மலைச் சரிவில் ஓடி, காற்றில் விரித்துப் பறக்கிற அந்தத் துணி இறக்கையை இவர்கள் ஷிர்ம் என்கிறார்கள். குடை என்று அர்த்தம். பயிற்சிப் பள்ளியின் குடையில் ஒரு வருடம் பறந்து, பரீட்சையும் தேறியாயிற்று. கற்றுக்குட்டிகளுக்கு அடுத்த படியில் உள்ள, ஒருவர் மட்டும் பறக்கும் நடுத்தரக் குடை ஒன்றைச் சொந்தமாக வாங்க ஆசை. கடைக்காரர் ஹான்ஸ் பென்சிலோடு காத்திருந்தார். "ஐம்பத்திரண்டு" என்றேன். உண்மை அறுபது. அவர் 'எஸ்' என்று எழுதிக்கொண்டார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், கல்யாணத்துக்கு முன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையின் எடைமேடையில் ஆறு வருடம் சீட்டுப் போட்டவள் நான். பழைய இரும்பு ஏற்றி வரும் லாரியை லோடோடு ஒரு முறை, காலியாக ஒரு முறை நிறுக்க வேண்டும். லோடு நிறுக்கும்போது டிரைவர் உள்ளேயே ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். காலி வண்டி நிறுக்கும்போது டீ குடிக்க இறங்கிவிடுவார். அவர் உடம்பும் இரும்புக் கணக்கில் சேர்ந்துவிடும். என்னிடம் பலிக்குமா? "எறங்குண்ணா, நீ எறங்கினாதான் சீட்டு" என்பேன். "இன்னாமா பேஜார் பண்ற, என் ஒடம்புல இன்னா இரும்பா கீது?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். அவரை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

அப்படிப்பட்டவள் எட்டு கிலோவை முழுங்கிவிட்டு நின்றேன். ஹான்ஸ் விளக்க ஆரம்பித்தார். எக்ஸ்எஸ், எஸ், எம், எல் எல்லாம் ஒரே குடைதான், துணியின் பரப்பு மட்டும் கூடிக்கொண்டே போகும். தொளதொளவென்று இருந்தால் ரவிக்கை மாதிரி பிடித்துத் தைத்துக்கொள்ள முடியாது. ஆள், குடை, இருக்கை, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்த எடைக்கு அளவு பொருந்த வேண்டும். "எடை கூடிவிட்டால்?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "வேகமாகக் கீழே வரும். வரம்பு மீறினால் ஆபத்து" என்றார். மானமா, உயிரா? "ஐம்பத்திரண்டு இல்லை" என்றேன். "ஓ, இன்னும் குறைவா?" என்றார் மனிதர். "அட போய்யா" என்று தமிழில் சொல்லிவிட்டு, குடை மூட்டை முதல் ஹெல்மெட் வரை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு அங்கிருந்த தராசில் ஏறி நின்றேன். கடையில் இருந்த நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். எழுபத்தெட்டு.

ஹான்ஸ் அட்டவணையைப் பார்த்துச் சிரித்தார். எஸ் எண்பது வரை தாங்கும்; எம் எழுபத்தைந்திலேயே ஆரம்பித்துவிடும். நான் இரண்டுக்கும் பொருந்துவேனாம். சின்னது துறுதுறுவென்று பறந்து சீக்கிரம் இறங்கும். பெரியது மேலேயே மிதக்கும், இறங்க அடம் பிடிக்கும். எது வேண்டும் என்று கேட்டார். இதற்காகவா பொய் சொன்னேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். நான் விட்டுவந்த அதே எடைமேடையில் இப்போது அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். "லோடு எழுபத்தெட்டா? ஒடம்ப நல்லா வச்சிக்கினுதான் கீற" என்று திருப்திப்பட்டார். இரண்டு அளவையும் விளக்கினேன். அவர் யோசிக்கவே இல்லை. "சின்னதே வாங்குமா. அதுதானே சீக்கிரம் எறங்கும்ன்ற? நீ ஊருக்கு வந்து நாலு வருசம் ஆவுது." குடையைப் பற்றித்தானே கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "சாப்டியாண்ணா?" என்றுதான் கேட்க வந்தது.

ஆனாலும், மேலேயே மிதக்கும் ஆசையில் பெரியதைத்தான் வாங்கினேன். முதல் நாள், கூடப் பறந்தவர்கள் எல்லோரும் இறங்கிப் புல்தரையில் குடையை மடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் மேலேயே மிதந்துகொண்டிருந்தேன். புதுக் குடையைப் பழக்கிவிட வந்திருந்த ஹான்ஸ் கீழிருந்து வாக்கிடாக்கியில், கீழே வாருங்கள், கீழே வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "வரேன், வரேன்" என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்கு என்ன புரிந்திருக்கும்? நாலு வருடத்துக்கு முன் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயில் ஏறியபோது அண்ணனிடமும் இதையேதான் சொல்லிவிட்டு வந்தேன்.