முட்டை கரைந்த கோழி

செம்மங்குப்பத்துக் காற்று பட்டு, என் கோழியின் வயிற்றுக்குள்ளேயே முட்டை கரைந்துபோகிறது என்று நான் நம்பினேன். ஏதோ ஒரு நிமிஷம் தோன்றி மறைந்த நினைப்பு இல்லை. முழுசாக நம்பினேன். டீக்கடையில் உட்கார்ந்து விளக்கமும் சொன்னேன். "ஓடோட கரையுதா பாய், இல்ல ஓடு மட்டும் உள்ள நிக்குதா?" என்று ஒருவர் கேட்டார். அது கிண்டல் என்றுகூடப் புரியாமல், கண்ணை மூடி யோசித்து, "ஓடோடதான்" என்றேன்.

கெமிக்கல் எஸ்டேட்டை ஒட்டிக் குடியிருப்பதில் எங்களுக்கு இப்படி ஒரு சௌகரியம் உண்டு. பால் திரிந்தால் காற்று. முடி கொட்டினால் காற்று. புது சட்டை சாயம் போனால் அதுவும் காற்று. எதற்கும் வேறு காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பாவம், அந்தக் கம்பெனிகள் செய்யாத காரியத்துக்கு நான் அவர்கள்மேல் பழி போட்டது இது முதல் தடவை அல்ல.

கோழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிறுவிடை. நாட்டுக்கோழியிலேயே சின்ன உடம்புக்காரி. சிதம்பரத்துக்குப் போன இடத்தில் சந்தையில் பார்த்தேன். தேன் நிற உடம்பு, கழுத்தில் மட்டும் கறுப்பு மணி கோத்தது போல இறகு, தலையில் சின்னதாக ஒரு இறகுக் கொண்டை. விற்ற அம்மா கூடையைத் திறந்ததும் மற்றக் கோழிகள் எல்லாம் அலறின. இவள் மட்டும் வெளியே வந்து என் செருப்பின் மேல் ஏறி நின்றாள். அங்கேயே நான் காலி.

பஸ்ஸில் ஒயர் கூடையில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, கடலூர் வரைக்கும் வேடிக்கை பார்த்தபடி வந்தாள். ஒரு சத்தம் கிடையாது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது அவர் பையைக் கொத்திப் பார்த்தாள், அவ்வளவுதான். வண்டி என்றால் இவளுக்குப் பயமே இல்லை என்பதை நான் அன்றைக்கே குறித்துவைத்திருக்க வேண்டும். நான் அவள் கொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் இருந்தன. அவை கோழிகள். இவள் விருந்தாளி. நான் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மடியில் ஏறிக்கொள்வாள். லுங்கியில் ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கையைப் பொறுக்கித் தின்பாள். சார்ஜாவில் பத்து மாடி உயரத்துக்குக் கிரேனில் இரும்பு தூக்கிய ஆள், ஊருக்குத் திரும்பிவந்து இப்படி ஒரு கோழிக்கு மடி கொடுத்து உட்கார்ந்திருப்பதை என் மனைவி சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்ப்பாள்.  பார்த்துவிட்டு மசாலாவை இன்னும் கொஞ்சம் அழுத்தி அரைப்பாள்.

வந்த புதிதில் ஒழுங்காக முட்டையிட்டாள். கொல்லையில் வைக்கோல் போட்ட பெயின்ட் பக்கெட்தான் மூன்று பெட்டைக்கும் பிரசவ வார்டு. திடீரென்று ஒருநாள் இவள் முட்டை மட்டும் நின்றது.

என் மனைவி காலையில் கோழிகளைக் கவிழ்த்துவைக்கும் பஞ்சாரத்தைத் தூக்கும்போதே கோழியின் பின்பக்கம் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்துவிடுவாள். அன்றைக்கு முட்டை இருக்கிறதா, இல்லையா என்று சொல்லிவிடுவாள். அவள் சொல் தப்பியதே இல்லை.

"இருக்குதுங்க. கல்லு மாதிரி இருக்குது."

சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் இல்லை. பக்கெட்டிலும் இல்லை. ஆனால் மத்தியானம் கொல்லையில் நின்று ஊருக்கே கேட்பது மாதிரி கொக்கரிப்பாள்.

"உங்க கோழிதானே," என்றாள் மனைவி. "சத்தம் மட்டும்தான் வரும்."

அப்போதுதான் நான் கரையும் சித்தாந்தத்தை எடுத்து வைத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப மத்த ரெண்டும் மூக்கப் பொத்திக்கிட்டு முட்டை விடுதா?"

"அதுங்க இந்த ஊருக் கோழி. பழகிப்போச்சி. இது சிதம்பரத்துக் கோழி."

"சரி. வெள்ளிக்கிழமை எங்க அண்ணன் வராரு. குவைத்துல ஐஸ்ல வெச்ச கோழிய தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சாம். நாட்டுக்கோழிதான் வேணும்னு போன்லயே சொல்லிட்டாரு. அதுக்குள்ள உங்க ராணி முட்டை விட்டா பொழச்சா. இல்லன்னா பிரியாணி. கரையிற முட்டைக்கு நான் தீனி போட முடியாது."

விளையாட்டாகச் சொன்னதல்ல. அவள் குரல் உயர்ந்தால் விளையாட்டு. தாழ்ந்தால் தீர்ப்பு. இது தாழ்ந்த குரல்.

நான் செயலில் இறங்கினேன். பள்ளிவாசலுக்குப் போய், குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்றால் வாங்குவோமே, அந்த மாதிரி ஒரு பாட்டிலில் ஓதி ஊதின தண்ணீர் வாங்கிவந்தேன். யாருக்கு என்று ஹஜ்ரத் கேட்டார். "வீட்ல ஒருத்திக்கு" என்றேன். அவர் துஆ செய்து அனுப்பினார். கிழக்கே எஸ்டேட் பக்கமிருந்து காற்று வரும் வழியாகப் பார்த்து, வேலி ஓரமாக வாய்க்குள் முணுமுணுத்தபடி தெளித்துக்கொண்டே போனேன். வேலி முடிகிற இடத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். அதன் ஓரத்திலும் தாராளமாகத் தெளித்தேன். நிமிர்ந்தால், சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரரின் தலை. என்னையும் பாட்டிலையும் மாறிமாறிப் பார்த்தார். படக்கென்று கீழே போய்விட்டார்.

அவர் முதுநகருக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். என்னை மாமா என்பார், நான் அவரை மச்சான் என்பேன். காலை சவாரி முடித்துவந்து சாப்பிட்டுப் படுப்பார். ஆட்டோ அவர் வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் நிற்கும். மத்தியானத்துக்கு மேல் மறுபடியும் கிளம்புவார். போகும்போது "என்னா மாமா, உன் கோழி சாப்டுச்சா?" என்று ஒரு குரல் கொடுக்காமல் போனதே இல்லை.

அந்தக் குரல் நின்றுபோனது. நான் எதிரே வந்தால் ஆட்டோ கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோழிக்கு முட்டை இல்லாமல் போனதும், இவருக்கு முகம் இல்லாமல் போனதும் ஏறக்குறைய ஒரே சமயம்.

கரையும் சித்தாந்தத்தை அன்றோடு கைவிட்டேன். சந்தேகம் என்பது ஒரு நல்ல வேலை. சம்பளம் இல்லை, ஆனால் லீவும் இல்லை.

அவர் ஆட்டோவின் முன்னால் முதலில் ஒரு எலுமிச்சம்பழமும் நாலு மிளகாயும்தான் தொங்கின. பிறகு இரண்டாவது மாலை வந்தது. அப்புறம் பின்பக்கமும் கட்டினார். பிறகு நாக்கை நீட்டிய ஒரு திருஷ்டி பொம்மை. மடியில் கனம் இல்லாதவர் எதற்கு இத்தனை எலுமிச்சம்பழம் கட்டுகிறார்? திருட்டு முட்டை தின்றவர் வயிறு பயப்படுகிறது, வேறென்ன? எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சோதனை வைத்தேன். வீட்டில் வட்டலப்பம் செய்திருந்தார்கள். ஒரு கிண்ணம் நானே கொண்டுபோய் அவர் மனைவியிடம் நீட்டினேன். எப்போதும் கிண்ணத்தை வாங்கும்போதே ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொள்கிற அம்மா, இந்தத் தடவை விரல் நுனியால் வாங்கினார்.

"அண்ணே, இதுல முட்டை சேத்துருக்கீங்களா?"

"முட்டை இல்லாம வட்டலப்பம் எப்படிம்மா?"

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. முட்டை என்றதும் வெளுத்துவிட்டது! நான் திரும்பி வந்து மாடியில் ஒளிந்து பார்த்தேன். வட்டலப்பத்தைத் தெரு நாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கிண்ணத்தை மட்டும் மஞ்சள் தண்ணீரில் முக்கிக் கழுவித் திருப்பி அனுப்பினார்கள்.

"குற்றவுணர்ச்சி," என்றேன் மனைவியிடம்.

"அவங்களுக்குச் சக்கரை ஏறியிருக்கும். நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை, அது ஞாபகம் இருக்குதா உங்களுக்கு?"

வியாழக்கிழமை காலை. பாசுமதி ஊறப் போடுவதற்கான பாத்திரம் இறக்கியாகிவிட்டது. புதினா வந்தாகிவிட்டது. ராணி என் மடியில் உட்கார்ந்து புதினாவைக் கொத்திக்கொண்டிருந்தாள். எந்த மசாலாவோடு தன்னைச் சேர்க்கப்போகிறார்கள் என்று அவளாகவே ருசி பார்ப்பது மாதிரி இருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

மனைவி வந்து தொட்டுப் பார்த்தாள். "இன்னிக்கும் இருக்குது. இங்க பாருங்க, பஞ்சாரத்துல போட்டுக் கவுத்துடுங்க. அவசரம் தாங்காம கத்துற வரைக்கும் தொறக்காதீங்க. கத்தும்போது தொறந்தா வேற எங்கயும் சுத்தாது. முட்டை போடுற எடத்துக்கு நேரா ஓடும். எங்க உம்மா அப்படித்தான் கண்டுபுடிக்கும்."

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். "நீங்கதான் காத்து, கம்பெனின்னு பெரிய ஆராய்ச்சியில இருந்தீங்களே," என்றாள்.

பஞ்சாரத்தின் மேல் கல்லை வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதலில் சும்மா நின்றாள். பிறகு சுற்றினாள். பிறகு மூங்கில் சந்துக்குள் தலையை விட்டு என்னைப் பார்த்து ஒரு மாதிரி முனகினாள். வெயில் ஏறியதும் கத்த ஆரம்பித்தாள் பாருங்கள், அப்படி ஒரு கத்தல். பஞ்சாரத்தைத் தூக்கினேன்.

ஓடினாள். இறக்கையைக் கொஞ்சம் விரித்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற டீச்சர் மாதிரி ஓடினாள். நானும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். எங்கள் கேட்டுக்கு அடியில் நுழைந்து தெருவுக்கு வந்தாள். அப்படியே திரும்பிப் பக்கத்து வீட்டு வாசல்.  நான் நினைத்தது சரி! அந்த வீட்டுக்குள்தான் போகிறாள், அரிசி போட்டு வசியம் பண்ணி வைத்திருக்கிறார்கள்!

வீட்டுக்குள் போகவில்லை. ஆட்டோவில் ஏறினாள். ஒரே தாவலில் பயணி மாதிரி ஏறி, பின் சீட்டின் மேல் நடந்து, சாய்மானத்தைத் தாண்டி, பின்னால் ஸ்டெப்னியும் பழைய சாக்கும் கிடக்கிற இடத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். வெளியே கொண்டை நுனி மட்டும் தெரிந்தது.

நான் வேப்பமரத்தின் பின்னால் மூச்சை அடக்கி நின்றேன். கொஞ்ச நேரத்தில் சாக்கு அசைந்தது. ஆட்டோவுக்குள் பாதி உடம்பை நுழைத்து, சீட்டுக்குப் பின்னால் கையை விட்டேன். சூடாக, கொஞ்சம் ஈரமாக, முட்டை. கரையாத முட்டை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"புடிச்சிட்டேன்! நீதானா மாமா!"

பின்னாலிருந்து என் இடுப்பை யாரோ கட்டிப்பிடித்தார்கள். திரும்பினால், பக்கத்து வீட்டுக்காரர். வாசல் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் அவ்வளவு நேரம் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி விளக்குமாற்றோடு படியில் நிற்கிறார்.

"நீதானா மச்சான்!" என்றேன் நானும். என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"தெனம் வண்டியில ஒரு முட்டை வெக்கிறியே, நான் உனக்கு என்னா மாமா பாவம் பண்ணேன்? கிளட்ச் போச்சி, டயர் போச்சி, சவாரி இல்ல! சொவுத்து ஓரம் மந்திரத் தண்ணி வேற தெளிக்கிற! அது பத்தாதுன்னு முட்டை போட்ட பலகாரம் வேற!"

"நான் வெச்சேனா? என் முட்டைய நீ தின்னுட்டு..."

"தின்னேனா? செய்வின முட்டைய எவனாவது தின்னுவானா? ஒண்ணு உடாம கெடிலம் பாலத்துமேல வண்டிய நிறுத்தி, கண்ண மூடிக்கிட்டு ஆத்துல போட்டுட்டு வரேன்!"

அப்போது சாய்மானத்தின் மேல் ராணி ஏறினாள். இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். என் தோளில் கால் வைத்துத் தெருவில் இறங்கி, எங்கள் கேட்டுக்கு அடியில் நுழைந்து, கொல்லைக்குப் போய், கொக்கரித்தாள்.

 அவர் கை மெதுவாக என் இடுப்பைவிட்டு இறங்கியது.

"மச்சான், நீ எப்பலேர்ந்து டிரம்முக்குப் பின்னால இருக்குற?"

"வண்டிய வந்து நிறுத்துனதுலேர்ந்து."

"அப்ப கோழி ஏறுனத பாக்கல?"

"பாத்தேன் மாமா," என்றார். "கோழிதானேன்னு உட்டுட்டேன். நான் மனுசன் யாரு வரான்னு பாத்துட்டு இருந்தேன்."

அவர் மனைவி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். சிரிக்கத்தான். மச்சான் மட்டும் ஆட்டோவின் முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

முட்டையைக் கொண்டுபோய் என் மனைவியின் உள்ளங்கையில் வைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், அரிசிப் பானைக்குள் வைத்தாள், ஊற வைக்க இறக்கிய பாத்திரத்தை எடுத்துப் பரணில் போட்டாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த அவள் அண்ணன் கொடுவா மீன் குழம்பு சாப்பிட்டார். கோழி எங்கே என்று கேட்டார். மடியில் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஆட்டோவின் பின்னால் கிடந்த சாக்கு என் கோழிக்குப் பிடித்திருந்தது. அவள் அங்கே முட்டையிட்டாள். மச்சான் அவற்றை ஆற்றில் போட்டார்.