மூன்றாம் வாய்ப்பாடும் சிவப்புக் கூரையும்

விமானம் ஓட்டுவது என்றால் பெரும்பாலும் அது தானாகப் போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பதுதான். போனில் ஒரு பெண் குரல் திரும்பச் சொல்லாவிட்டால் சொந்தத் தங்கச்சி வீட்டுக்கும் வழி தெரியாமல் நிற்கும் அன்பர்களே, நானும் உங்களோடுதான் நிற்கிறேன். எனக்குப் பின்னால் நூற்றைம்பது பேர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கலவானைக்குக் குறுக்கு வழி

லீவில் வந்திருந்தேன். கலவானையில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்க நிவித்திகலையில் ஒரு த்ரீவீல் ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் ரிஸ்வி நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ரோடு தெரியும் என்றார். நான் போனை நீட்டி, எட்டு நிமிடம் மிச்சமாகும் வழி ஒன்று இருக்கிறது என்றேன். அந்த வழி ரப்பர் மரங்களுக்குள் நுழைந்து ஓர் ஓடையில் முடிந்தது. அக்கரையில் குளித்துக்கொண்டிருந்தவர் சோப்புக் கையோடு எங்களைப் பார்த்தார்.

நானா எஞ்சினை நிறுத்திவிட்டு, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். ஓடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அல்லாவே! தம்பி, மேலயும் இதப் பாத்துத்தானா ஓட்டுறீங்க?"

பெருக்கல்

நான் துணை விமானி. என்னோடு அடிக்கடி வரும் கேப்டன் கேகாலைக்காரர், சிங்களப் பெண்மணி. என்னை 'மல்லி' என்பார், தம்பி என்று அர்த்தம். வரைபடம், கணக்கு எல்லாம் இருக்கும் எங்கள் டெப் என்னும் கைக்கணினி ஒருநாள் கண்ணாடி வழியே வந்த வெயிலில் சூடாகி அணைந்துவிட்டது. எந்த இடத்தில் இறங்கத் தொடங்கலாம் என்று கேப்டன் கேட்டார். உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூன்றால் பெருக்கினால், ஏறக்குறைய எத்தனை மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும் என்பது வந்துவிடும். முப்பத்தாறாயிரம் அடியில் இருந்தோம். என் கை சட்டைப்பைக்குள் போனது.

"மல்லி, முப்பத்தாற மூணால பெருக்கவும் போன் வேணுமா?"

அண்ணாந்து பார்ப்பவர்கள்

கிழக்கிலிருந்து காலையில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வரும்போது கொடகவெலப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டம் என் வலப்பக்கத்தில் வரும். அம்மா அங்கே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். நான் வரும் நாளும் நேரமும் அவருக்குத் தெரியும். சத்தம் கேட்டதும் கூட நிற்கும் பெண்களும் கூடையோடு அண்ணாந்து விடுவார்களாம், கங்காணி ஏசுவாராம். முதல் தடவை அம்மா போனில், "நாங்க எல்லாம் பாத்தோம், நீ எங்களப் பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். டெப்பில் அந்த இடத்தின் மேல் எங்கள் புள்ளி நகர்ந்ததைத்தான் பார்த்திருந்தேன். வெளியே எட்டிப் பார்த்தபோது மேகம். அடுத்த தடவை எல்லாம் ஒரே பச்சை. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் தேடினேன். பிறந்த வீட்டைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாதது யாரிடமும் சொல்லக்கூடிய குறை அல்ல.

கடைசியில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக் கூரைக்குச் சிவப்புப் பெயின்ற் பூசலாம் என்று அவரே தீர்மானித்தார். அதிலுள்ள பன்னிரண்டு காம்பராக் குடும்பங்களும் சம்மதிக்க வேண்டும். கடைசிக் காம்பரா சுப்பையா மாமா, "அவன் மேல சும்மா ஒக்காந்து போறான், நாங்க ஏணியில ஏறணுமா?" என்று இரண்டு வாரம் இழுத்தார். தகரம் துருப்பிடிக்கிறது என்று சொல்லித் தோட்டத்துத் தொரையிடம் அனுமதி வாங்கி, கடைசியில் அவரே முதலில் ஏறினார். பூசி முடித்ததும் அம்மாவின் போனைப் பிடுங்கி என்னிடம் சொன்னார்: "மருமகனே, இனியும் தெரியலன்னா அது கூரையோட குத்தமில்ல."

வலப்பக்கம்

அடுத்த மாதம் முதல் எனக்கு மேற்குப் பக்கப் பயணங்கள் என்று அறிவித்தார்கள். கிழக்கிலிருந்து கடைசியாக வந்த காலையில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. பதினெட்டாயிரம் அடி. இன்னும் ஒரு நிமிடத்தில் தோட்டம்; சிவப்புக் கூரையைப் பற்றிக் கேப்டனிடமும் சொல்லி வைத்திருந்தேன். அப்போது தரையிலிருந்து விமானக் கட்டுப்பாட்டாளர் புதிய உத்தரவு தந்தார்: குறிப்பிட்ட ஓர் இடத்தை அடைவதற்குள் பத்தாயிரம் அடிக்கு இறங்க வேண்டும். கேப்டன் வெளியே பார்த்தபடியே, "எட்டாயிரம் அடி, இருபத்துநாலு மைல், தாராளமா போதும்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. குனிந்து டெப்பில் எண்களைத் தட்டினேன். ஒரு தடவை பிழையாகிவிட்டது, திரும்பத் தட்டினேன். இருபத்துநாலு.

நிமிர்ந்தபோது கேப்டன் என்னைத் தாண்டி வலப்பக்கக் கண்ணாடியில் எதையோ பார்த்து முடித்திருந்தார். "மல்லி, அந்த நீளச் சிவப்பு உங்க வீடுதானே? எவ்வளவு அழகு!"

அன்று அம்மாவிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. கேப்டன் பார்த்தார், அழகாக இருக்கிறதென்று சொன்னார் என்றேன். அம்மா அதைப் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார். பின்னால் பெண்களின் குரல்கள் கேட்டன. பிறகு அம்மா கேட்டார்: "அந்தம்மா பாத்தது சந்தோசந்தான் தம்பி. பக்கத்துல ஒக்காந்து நீ என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த?"

அன்றைய இறக்கத்தில் ஓர் அடிகூடப் பிசகவில்லை என்று பதிவேட்டில் இருக்கிறது.