பொட்டு வைத்த ஹீட்டர்

ஐம்பதுகளின் நடுவில், ஓசூரில் என் பிறந்த வீட்டில் எங்களுக்குத் தலைதீபாவளி. தெருவுக்குக் கரண்ட் வந்து அதிக நாளாகவில்லை.

ஐப்பசிக் குளிர் எங்கள் ஊரில் எலும்பைத் தொடும். என் கணவரோ சாமல்பட்டிப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவர். கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுங்கியிருந்தது என்று எழுந்து போன மனிதர். விடியற்காலை எண்ணெய்க் குளியலில் பல் தந்தியடித்தால், இனி உன் ஊர்ப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ? பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

அப்பாவுக்கும் அதே பயம். பெங்களூர் போய், குளிக்கிற இடத்தைச் சூடாக்க ஒரு ஹீட்டர் வாங்கி வந்தார். பளபளக்கும் தகடு, அதன் முன்னால் சிவக்கச் சிவக்கக் காயும் கம்பிச் சுருள். வயர்மேனை அழைத்துக் கொல்லைக் குளியலறைச் சுவரில் உயரமாக மாட்டி, சுவிட்சை வெளியே வைத்தார். ஒருமுறை போட்டுப் பார்த்ததோடு சரி. மாப்பிள்ளை குளிக்கும்வரை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு.

இடையில் ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணைக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைத்த அம்மா ஹீட்டரை மட்டும் விடுவாளா? கம்பிச் சுருளிலேயே சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, சாமந்திச் சரத்தையும் செருகினாள். அப்பா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூவை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

தீபாவளியன்று தலை நிறைய எண்ணெயோடு என் கணவர் உள்ளே போனார். கொஞ்சம் பொறுத்து அப்பா பெருமையாகச் சுவிட்சைப் போட்டார். முதலில் ஹோம வாசனை. அப்புறம் கதவிடுக்கில் புகை, உள்ளே இருமல். காய்ந்த சாமந்தி தீப்பிடித்து அவர் காலடியில் விழ, கதவு படாரென்று திறந்தது. இடுப்பில் துண்டு, முகமெல்லாம் சீயக்காய், கண்ணைத் திறக்க முடியாமல் கொல்லை நடுவில் வந்து நின்றார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

அப்பா பாய்ந்து சுவிட்சை அணைத்தார்.

"புதுச் சாமான்னா பொட்டு வெக்காமயா இருப்பாங்க?" என்று முனகினாள் அம்மா. என் வாழ்க்கை அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அவர் முகத்தை வழித்துவிட்டு, அப்பா இருந்த பக்கமாகத் திரும்பினார். "மாமா, குளுரெல்லாம் போயிடுச்சுங்க. போதும்" என்றார். பிறகு அவரே முதலில் சிரித்தார். மிச்சக் குளியல் விறகடுப்பு ஓரத்தில் நடந்தது.

தாலி ஏறியது வைகாசியில் என்றாலும், இவரோடு காலம் தள்ளிவிடலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது அந்தப் புகையில்தான்; இன்றைக்கும் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், சீயக்காய் வழிந்த அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்க்கிறேன்.