அண்ணனின் ‘ஆல்ரைட் சார்’

எங்கள் அண்ணன் போய் ஓராண்டு நிறையும் இந்த நாளில், அவரைப் புகழ்ந்து எழுதச் சொல்லி என்னிடம் தாளைக் கொடுத்திருக்கிறார்கள். புகழ்கிறேன். ஆனால் கூடப் பிறந்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் திட்டவும் செய்வேன். படிக்கிறவர்கள் சிரித்தால் அண்ணன் சந்தோஷப்படுவார்.

அண்ணன் பிறந்தது திருமுக்கூடலில். வளர்ந்தது மானாம்பதியில். யுத்தம் வந்தபோது பட்டாளத்தில் லாரி டிரைவராகச் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போனார். அதே லாரியில் அவருக்குத் துணையாக இருந்தவர் எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்த ஆரோக்கியசாமி அண்ணன். ஊரில் இருவருக்கும் தெரு வேறு. அங்கே சாப்பிட்டது ஒரே தட்டில். ஒரு குண்டு வெடித்ததில் ஆரோக்கியசாமி அண்ணனுக்கு இரண்டு விரல்கள் போயின. எங்கள் அண்ணனின் இடது முட்டிக்குள் ஓர் இரும்புத் துண்டு குடியேறியது.

பட்டாளத்தில் அண்ணன் கற்ற இங்கிலீஷ் இரண்டே சொல்: ஆல்ரைட் சார். அண்ணி குழம்பில் உப்புப் போட மறந்தாலும் அதே பதில்தான்.

காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சர்க்கார் உதவி கிடைக்க, சென்னையில் மெடிக்கல் போர்டு முன்னால் நிற்க வேண்டும். ஆரோக்கியசாமி அண்ணன் போய்க் கையை நீட்டினார், காரியம் முடிந்தது. பழையசீவரத்துச் சிப்பாய் ஒருவரின் டிஸ்சார்ஜ் தாளைக் கரையான் அரித்துவிட, பாவம், அவர் வருஷக்கணக்கில் அலைந்தார். எங்கள் அண்ணனுக்குக் கரையானே வேண்டாம், அவர் வாய் போதும். மிலிட்டரி டாக்டர் உள்ளே வந்ததும் விறைப்பாக எழுந்து சல்யூட் அடிப்பார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், “ஆல்ரைட் சார்!” டாக்டர்தான் என்ன செய்வார்? குணமாகிவிட்டது என்று எழுதி அனுப்பிவிட்டார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை! அப்படிச் சொல்லிவிட்டு ஊர் திரும்பியவர், பஸ்ஸைவிட்டு இறங்க முடியாமல் கண்டக்டர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

முட்டி நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது. துண்டை எடுக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று உத்திரமேரூர் டாக்டர் சொல்லிவிட்டார். போர்டு ஒப்புக்கொண்டால்தான் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். மூன்றாவது முறை கூப்பிட்டு ஓலை வந்ததும், வீட்டில் ஒத்திகையே நடந்தது. ஆரோக்கியசாமி அண்ணன் டாக்டராகி, கால்மேல் கால் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இன்னாய்யா, முட்டி எப்படி கீது?”

“நோவுது சார்” என்றார் அண்ணன், பெண் பார்க்க வந்தவர்கள் முன் நிற்கும் பெண்ணைப் போல.

“சத்தமா சொல்லு டிரைவரே! பேஜார் பண்ணாத!”

அவர் அதட்டியதுதான் தாமதம், அண்ணன் விறைத்து நின்று, “ஆல்ரைட் சார்!” என்றார். அண்ணி சிரித்துச் சிரித்து, கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீ கூடப் போம்மா. இந்த மனுசன நம்பி அந்த முட்டிய அனுப்ப முடியாது” என்றார் என்னிடம்.

போனேன். டாக்டர் வந்தார். அண்ணன் எழுந்தார். சல்யூட். “ஆல்ரைட் சார்!”

எனக்கு வந்ததே கோபம்! “அய்யா, பொய்யி! இவரு ஏரிக்கரை ஏறி மூணு மாசம் ஆவுது. நீங்க கேட்டா சொல்ல மாட்டாரு. உத்தரவு போடுங்க!” என்று கத்திவிட்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, பட்டாளத்துக் குரலில், “டிரைவர்! முட்டியை மடக்கிக் கீழே உட்கார்!” என்றார்.

அண்ணன் முயன்றார். பல்லைக் கடித்தார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. முட்டி மடங்கவில்லை. “முடியல சார்” என்றார். உத்தரவை நிறைவேற்ற முடியவில்லையே என்று என் அண்ணன் அழுததை அன்றுதான் பார்த்தேன். டாக்டர் மேஜையைச் சுற்றி வந்து, அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த டாக்டர் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். எங்கிருந்தாலும் அவருக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

ஆபரேஷனில் முட்டியிலிருந்து வந்த துண்டு பவுடர் டப்பாவில் கிடந்து, பேரப்பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை ஆயிற்று. அண்ணன் பழையசீவரம் மலைப்படி ஏறி, உச்சியில் நின்று கீழே இருந்த எனக்கு ஒரு சல்யூட் அடித்தார் பாருங்கள், அந்த ஒன்று போதும் எனக்கு. மகள் கல்யாணத்தில் மேளத்துக்கு முன்னால் அவர் போட்ட ஆட்டத்தை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள்.

கடைசியில் நெஞ்சுவலி வந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, இளம் டாக்டர் ஒருவர் விசாரித்தார். “ஆல்ரைட் சார்.” நான் குனிந்து, “அண்ணே, உத்தரவு” என்றேன். சிரித்துவிட்டார். “நோவுதும்மா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும், சமைத்துப் போட்டவர்களுக்கும், மூன்று விரல் கையால் பாடையைப் பிடித்துத் தோள் கொடுத்த ஆரோக்கியசாமி அண்ணனுக்கும் நன்றி. இன்னும் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், அண்ணி இப்போதெல்லாம் “ஆல்ரைட்” என்கிறார். நம்பாதீர்கள். அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.